மச்சான் கை படாத இன்ஜின்

எங்கள் பழைய டீசல் பிக்கப் புகை தள்ளி ஒரேயடியாக நின்றபோது, அந்த இன்ஜினைப் பிரித்துக் கட்டக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஒரே மெக்கானிக் என் அண்ணன். அதனால் என் வீட்டுக்காரர் அதைத் தானே பிரித்தார்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், மாப்பிள்ளை ஆயில் மாற்றுவதே இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். சொன்னது உண்மை, அதுதான் தப்பாகிப் போனது. இனி மச்சான் கை என் வண்டியில் படக்கூடாது என்று இவர் சபதம் போட்டார். அண்ணனும் எங்கள் வாசற்படி மிதிப்பதை நிறுத்தினார். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். கூடப்பிறந்தவரைக் கடைத்தெருவில் நின்று நலம் விசாரிக்கிற கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது.

பீரோ, சோபா ஏற்றி இறக்குவது இவர் தொழில். இன்ஜின் வேலையைக் கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். பிஸ்டன்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிராங்க் தண்டு லேத் பட்டறைக்குப் போய்க் கடைசல் பிடித்து வந்தது. புது ரிங், புது பேரிங், புது கேஸ்கெட். ஒவ்வொரு போல்ட்டை முறுக்கும்போதும் இவர் மூச்சை அடக்குவார், பார்த்துக்கொண்டிருக்கிற நானும் அடக்குவேன். வேலையில் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் கவலை. வண்டி ஓடிவிட்டால் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமே இருக்காது.

கடைசியில் இன்ஜினை வண்டியில் ஏற்றினார். தூசி புகாமலிருக்க, இன்ஜினுக்குள் காற்று போகும் வாயில் பழந்துணி அடைத்து வைத்திருந்தார். அதை எடுக்காமலேயே மேலே ரப்பர் குழாயை மாட்டி, கிளிப்பை இறுக்கினார். பக்கத்திலேயே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. காற்றில்லாமல் டீசல் எரியாது என்பது மெக்கானிக்கின் தங்கைக்குத் தெரியாதா என்ன?

சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரி சோர்ந்து போகும்வரை திருப்பினார். பிறகு கப்பல் கவிழ்ந்த முகத்தோடு உள்ளே வந்து, வேண்டுமானால் உன் அண்ணனைக் கூப்பிட்டுப் பார் என்றார். இவர் சொல்லி முடிப்பதற்குள் நான் போன் அடித்துவிட்டேன்.

அண்ணன் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் குழாயைக் கழற்றி, துணியை உருவித் தரையில் போட்டார். இவர் நிஜமாகவே திகைத்து, அதைக் குனிந்து எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நான் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பேட்டரி மாட்டித் திருப்பினார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. இப்போது எனக்கே திக்கென்றது.

அண்ணன் டீசல் பம்ப் பக்கம் குனிந்தார். டீசலைத் திறந்துவிடும் ஒயர் கழன்று தொங்கியது. நுனியில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது. மாட்ட மறந்த ஒயர் தனக்குத்தானே டேப் சுற்றிக்கொள்ளாது.

"இது யாரு வேலை, மாப்ளே?"

இவர் கழுத்தைச் சொறிந்தார். "உங்களைக் கூப்பிட ஒரு சாக்கு வேணாமா, மச்சான்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டினார். ஒரே திருப்பு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"உள்ள ஏதோ சத்தம் வருது. நாளைக்கும் வந்து பாத்தாதான் தெரியும்."

என் காதில் கோளாறுச் சத்தம் எதுவும் விழவில்லை.

"ஆமா மச்சான், எனக்கும் கேக்குது," என்றார் இவர்.