பதினொன்று இருபதுக்கு ஒரு சாட்சி

"அப்ப பதினொன்னு இருவதுன்னா, பதினொன்னு இருவதுக்கேவா?"

"ஆமாங்கய்யா. நாலு நாளைக்கு முன்னாடியே உங்க போனுக்கு மெசேஜ் வந்துருக்குமே."

"அது வரும்மா. லோன் வேணுமான்னுகூடத்தான் தெனமும் வருது."

வக்கீல் குமாஸ்தா அம்சவள்ளி தலையில் கைவைத்துக்கொண்டாள். எதிரே நின்ற வைரக்கண்ணு, ஆண்டிமடத்துப் பக்கம் தன் முந்திரித் தோப்புக்குப் போகும் பாதைக்காக ஒன்பது வருஷமாக இந்தக் கோர்ட் வராந்தாவைத் தேய்த்தவர். காலையில் ஊரே வந்து குவிவதும், சாயங்காலம் 'வாய்தா' என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு கலைவதும்தான் அவருக்குத் தெரிந்த நீதி. புதிதாக வந்த ஜட்ஜம்மா அதில் மண்ணைப் போட்டுவிட்டார். இனி ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு நேரம்.

"போன தடவையே கடைசி வாய்ப்புன்னு எழுதிட்டாங்க. இன்னிக்கும் சாட்சி கூண்டுல ஏறலன்னா பாதை போச்சு. உங்க சாட்சி உண்ணாமலைக்கா எங்க?"

வைரக்கண்ணு மென்று விழுங்கினார். "தோப்புல கொட்டை பொறுக்குது. இன்னிக்கும் வாய்தாதான், நீ வேலையப் பாருன்னு நாந்தான் சொல்லிட்டு வந்தேன்."

"போன் போடுங்க!"

"அதோட போன் வூட்டுல சார்ஜ்ல கெடக்கும்."

சுவரில் மணி பத்து ஐந்து. பஸ் பிடித்து, ஏரிக்கரையைச் சுற்றி நடந்தால் தோப்புக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம். பாதை வழியாக பைக்கில் என்றால் போக வர ஐம்பதே நிமிஷம். அந்தப் பாதையைத்தான் பங்காளி முத்துவேல் முள்கம்பி கட்டி, கேட் போட்டுப் பூட்டியிருந்தான்.

முத்துவேல் வராந்தாவின் மறுகோடியில் வடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஊரில் இருவருக்கும் பேச்சு கிடையாது. கோர்ட்டில் அப்படி முடியுமா? நாள் முழுக்கக் காத்திருக்க ஒரு துணை வேண்டுமே. முதல் வருஷம் தீப்பெட்டி கைமாறியது, அடுத்த வருஷம் டீ, அதற்கப்புறம் ஒரே பொட்டலத்தில் வடை. போன வாய்தாவன்று மழை பிடித்துக்கொண்டபோது முத்துவேல்தான் பைக்கில் ஏற்றிப்போய் ஊர் எல்லையில் இறக்கிவிட்டான். எல்லை தாண்டினால் பகை.

"என்னண்ணே, மொகம் சுண்டிப்போச்சு? புடி, வடை ஆறுது."

வைரக்கண்ணு வாங்கினார், கடிக்கவில்லை. "நம்ம கேஸ இன்னிக்கு எடுக்கப் போறாங்களாம்டா."

"சும்மா இருண்ணே!" முத்துவேல் சிரித்தான். அம்சவள்ளியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "மெய்யாலுமா? அப்ப இனிமே வாய்தா கெடையாதா? நாம எங்க உக்காந்து பேசுறதாம்?"

வைரக்கண்ணுவின் கண் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. பைக் சாவியும் கேட் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கின.

"தம்பி," என்றார். "அந்த கேட்டத் தொறந்து, ஒரு எட்டு போயி, எஞ்சாட்சிய ஏத்திட்டு வந்துடேன்?"