மூன்றாம் டப்பாவின் கேள்வி

பிரின்சி வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் ஒப்பந்தம். பாதையை அமைத்தவள் பின்னால் வரலாம், தண்ணீர் கொடுக்கலாம், அட்டை கடித்தால் உப்பு தூவலாம். டப்பா எங்கே என்று கண்ணால்கூடக் காட்டக் கூடாது.

முன்னால் போய்க்கொண்டிருந்தவள் ஜெயசுதா. விழுப்புரத்திலிருந்து ஆட்களை மலைநடைக்கு அழைத்துப்போவது அவள் தொழில். கல்வராயன் மலையில் ஒரு பெண் தேடல் விளையாட்டுக்குப் பாதை போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தானே நடந்து பார்க்க வந்திருந்தாள். கைப்பேசி காட்டும் இடத்தில் ஓர் எவர்சில்வர் டப்பா ஒளிந்திருக்கும். அதிலுள்ள சீட்டு ஒரு கேள்வி கேட்கும். பதிலாக வரும் எண்ணைப் போட்டால் அடுத்த இடம் தெரியும். நான்காவது டப்பாவோடு பாதை முடிகிறது. கடைசி பஸ்ஸுக்கு முன் ஜெயசுதா அதைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டால் தை மாதத்திலிருந்து ஆட்களோடு வருவாள். இல்லையென்றால் திங்கட்கிழமை பிரின்சி சங்கராபுரத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதப் போக வேண்டும். அப்பா அந்தோணிதாஸ் பேசி முடித்துவிட்டார்.

"டப்பாவ ஒளிச்சி வெச்சி டப்பாவையே தேடறது ஒரு பொழப்பா?" என்று காலையில் பஸ் ஏற்றிவிடும்போதும் கேட்டார். "இன்னிக்கி ஒரு நாளுதான். அப்பறம் பேச்சே கெடயாது."

"செரிப்பா," என்றாள் பிரின்சி. ஒரு நாள் போதும் என்று அவள் நினைத்தாள்.

முதல் டப்பா, ஜாகிர்தார் குதிரைகள் தண்ணீர் குடித்ததாகச் சொல்லப்படும் கல்தொட்டியின் பின்னால் கிடைத்தது. இரண்டாவது கல்திட்டைக்குள். நான்கு பலகைக் கற்கள் நின்றிருக்க, மேலே ஒரு பலகை. ஓர் ஆடு நிமிர்ந்து நிற்கும் உயரம். எந்தக் காலத்து மனிதர்களோ தங்கள் செத்தவர்களுக்குக் கட்டிய வீடு. ஜெயசுதா முழங்காலிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏ பிரின்சி, உள்ள பாம்பு இருக்குமா?"

"அத சொன்னா குறிப்புல சேருமாக்கா?"

"உசுருல சேரும்டி!"

"சித்திரையில பாத்தேன். இல்ல."

"இப்ப கார்த்திக. அதுவரைக்கும் பாம்பு லீவா?"

சிரித்தபடியே கையை விட்டு டப்பாவை எடுத்தாள். பிரின்சிக்கு நெஞ்சு நிறைந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அவள் ஒரு கோடை முழுக்க அலைந்திருக்கிறாள். மரங்கள் ஒன்றோடொன்று கிளை கோத்து நிற்கிற இந்த இருட்டில், தூரதேசக் கதைகளில் படித்த காடுகளெல்லாம் இங்கேதான் வந்து முடிகின்றன என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாவது டப்பா ஓடைக்கு அக்கரையில். பக்கத்தில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் உள்ளங்கை அளவுக் கற்கள் குவிந்திருந்தன. ஜெயசுதா சீட்டை உரக்கப் படித்தாள்: "ஆயிரம் ஆண்டுகளாக அசையாத இந்தக் கற்களை எண்ணு. அந்த எண்ணைக் கடைசி இடத்தின் காலிக் கட்டங்களில் போடு."

எண்ணினாள். "பத்தொம்பது."

பிரின்சி குவியலை எட்டிப் பார்த்தாள். சித்திரையில் முப்பத்துநான்கு இருந்தன. மூன்று தடவை எண்ணியிருந்தாள்.

கைப்பேசி இப்போது மேட்டைக் காட்டியது. முழுக்க உண்ணிச்செடிப் புதர். ஜெயசுதா பேன்ட்டை உதறிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். கடைசி டப்பா அங்கே இல்லை. ஓடையை ஒட்டிக் கீழே இருந்தது. பிரின்சி உதட்டைக் கடித்தபடி பாறையருகே நின்றாள். யார் கலைத்தது? குரங்கா? ஆடு மேய்ப்பவர்களா?

ஓடையில் தண்ணீர் சலசலத்தது. தோளில் பெரிய பையோடு ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டி வந்தாள். நேராகப் பாறைக்குப் போனாள். கற்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"எவளோ என் வெள்ளக் கல்ல எடுத்துக்கினு போயிட்டா பாரு!" என்று சொல்லி, வேறொரு கல்லை எடுத்து ஓடையில் வீசினாள்.

"யம்மா! அத ஏங்க எடுத்தீங்க?"

"நான் வந்துட்டேன்ல? அப்பறம் எதுக்கு அது?" பையை இறக்கி வைத்தாள். "கொடகுல எஸ்டேட் வேலைக்கிப் போயிருந்தேன். வெளியூரு போறவங்க ஆளுக்கொரு கல்லு வெச்சிட்டுப் போவோம். திரும்பி வந்தா எடுத்துப் போட்ருவோம். இந்த ராஜாம்பாளு வூடு வந்து சேந்துட்டான்னு ஓடைக்கித் தெரியணும்ல?"

"அப்ப இதெல்லாம்..."

"இன்னும் வராதவங்க. தீபத்துக்கு எல்லாரும் வந்துக்கினு இருக்காங்க. சித்திரையில பாக்கணும், பாறையே தெரியாது."

பிரின்சி சீட்டைப் பார்த்தாள். ஆயிரம் ஆண்டுகளாக அசையாத. அவள்தான் எழுதினாள். யாரிடமும் கேட்கவில்லை. கல்திட்டைக்குப் பக்கத்தில் கல் கிடந்தால் அது பழையதாகத்தான் இருக்கும் என்று தானே ஒரு கதை கட்டிக்கொண்டாள்.

மேட்டில் புதர் முறிகிற சத்தம். வெயில் மலை விளிம்பில் சாய்ந்துவிட்டது.

"அக்கா! எறங்கி வாங்க! கேள்வி தப்பு!"

ஜெயசுதா இறங்கி வந்தாள். முழங்கை முழுக்கக் கீறல். "பேசக் கூடாதுன்னுதான பேச்சு?"

"டப்பா எங்கன்னு நான் சொல்லல. கேள்வி தப்புன்னுதான் சொல்றேன்."

"அப்ப தோத்துட்டன்னு வெச்சிக்கலாமா?"

"கூடாது. டப்பா இருக்கு, பாத இருக்கு. வேற கேள்வி தரேன், அஞ்சு நிமிஷம் குடுங்க. பஸ்ஸு நேரத்த மாத்தச் சொல்லல."

"கைய பாருடி."

"மருந்து பையில இருக்கு. போட்டுக்கினே இருங்க."

ஜெயசுதா பையைத் திறந்தாள். மருந்து போட்டுக்கொண்டே ராஜாம்பாளிடம் கற்களின் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பிரின்சி பாறையைச் சுற்றி வந்தாள். குனிந்து தடவினாள். விளிம்பில் வரிசையாக உளிக்குழிகள். கல்லைப் பிளக்க யாரோ எப்போதோ தொடங்கி, பாதியில் விட்டுப் போயிருந்தார்கள்.

"இதுல யாராச்சும் எதனா போடுவாங்களா, எடுப்பாங்களா?" என்று ராஜாம்பாளைக் கேட்டாள்.

"மழத்தண்ணி நிக்கும். ஆடு நக்கும். வேற இன்னா?"

"புதுசா குழி வெட்டுவாங்களா?"

"அதுக்கு எவனுக்குப் பொழுது இருக்கு? பொண்ணு நல்லாதான கீற?"

பிரின்சி குழிகளை எண்ணினாள். முப்பத்துநான்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தாள். பழைய சீட்டைத் திருப்பி, பின்பக்கம் எழுதினாள்: "பாறை விளிம்பில் உள்ள குழிகளை எண்ணு. இருபத்துமூன்றைக் கூட்டு." எந்தக் காலத்துக் குழிகள் என்று எழுதப் பேனா நீண்டது. எழுதவில்லை. டப்பாவுக்குள் போட்டு மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இப்ப தேடுங்க."

ஜெயசுதா எண்ணினாள், கூட்டினாள், கைப்பேசியைத் திருப்பினாள். ஓடையை ஒட்டி நடந்தாள். ஒரு நீர்மருதின் வேரடியில் கையை விட்டாள். பிரின்சி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏ! இருக்குடி!"

டப்பாவைத் திறந்து சீட்டில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சந்தோஷம் முகத்தில் ஒரு நொடிதான். "பஸ்ஸு!" என்று ஓடத் தொடங்கினாள்.

ஓடையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். பாறையருகே ஜெயசுதா நின்றாள். ராஜாம்பாள் போய்விட்டிருந்தாள். ஜெயசுதா ஓடையில் கைவிட்டுக் கற்களாகப் பொறுக்கிச் சட்டை முனையில் ஏந்திக்கொண்டாள்.

"இன்னாக்கா பண்றீங்க? பஸ்ஸு போயிடும்!"

"மொத தடவ பத்து பேர இட்டாருவேன். அவங்களுக்கும் சேத்து வெச்சிட்றேன்."

"அதெல்லாம் கூடாது. இங்கேந்து போறவங்கதான் வெக்கணும். அவங்க இன்னும் வரவே இல்லியே."

ஜெயசுதா முறைத்தாள். ஒன்றை மட்டும் பாறையில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் தண்ணீரில் கொட்டினாள்.

"தையில வந்து எடுத்துக்கறேன். எவளும் மாத்தி எடுக்காம பாத்துக்க."

கீழே எங்கோ பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் ஓடையில் இறங்கி ஓடினார்கள்.