முதல் செட்டில் ஒன்பது பேர்

கீழக்கரையில் எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஐம்பது வயதாகிறது. பொன்விழா மலருக்குப் பள்ளியின் வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பத்தொன்பது வருடமாக அங்கே சரித்திர டீச்சர் நான். விட்டால் போதும் என்று ஓடியிருக்க வேண்டும். நான்கு மாதம் தெருத்தெருவாக அலைந்தேன்.

முதல் செட்டில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள் ஒன்பது பெண்கள். ஊர் வாயை மீறி வந்து படித்தவர்கள். அதில் முதல் மார்க் வாங்கிய மலிகா லாத்தாவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. எங்கள் ஊரில் அக்கா லாத்தா, அண்ணன் காக்கா. தேடிப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங் கல்யாணப் பத்திரிகையிலகூட எம்பேரு இல்ல புள்ள. இன்னாரு மகள்னுதான் அடிச்சாக. இதுலயாச்சும் வருமா?"

"வராம? கொட்டை எழுத்துல போடுறேன் லாத்தா" என்று வாக்குக் கொடுத்தேன்.

விழாவன்று காலையில்தான் மலர் என் கைக்கு வந்தது. முப்பது பக்கம் நன்கொடையாளர் படங்கள். வரலாறு ஒன்றரைப் பக்கம். சரி, தொலையட்டும். முதல் செட்டைத் தேடினேன். இன்னார் மகள், இன்னார் மருமகள், இன்னார் மனைவி. ஒன்பது பேரில் ஒருத்திக்கும் பெயரில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள்.

மலர்க் குழுச் செயலாளர் காஜா நவாஸைப் பிடித்தேன். "நான் எழுதிக் குடுத்த பேரெல்லாம் எங்கன போச்சு காக்கா?"

"குடும்பத்துப் பொம்பளைக பேரு நாலு பேரு கையில போகலாமா டீச்சர்? மரியாதையாத்தான் மாத்துனேன்."

"பொம்பளைப் புள்ளைக பள்ளிக்கூடம் காக்கா இது!"

"ஆயிரம் காப்பி அடிச்சாச்சு. சபூர் செய்ங்க."

சபூராம்! ஐம்பது வருடம் பொறுத்தது போதாதா? மலிகா லாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட ஓடினேன். அவர் புதுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்து, ஏற்கனவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். காலஞ்சென்ற கணவரின் பெயரிருந்த வரியில் விரல் நின்றது. 'மர்ஹூம் செய்யது இபுறாகீம் அவர்களின் மனைவி, பள்ளியில் முதல் மதிப்பெண்.'

பின்னாலேயே வந்த நவாஸுக்கு ஒரே பெருமை. "லாத்தா, மச்சான் பேரு வந்திருக்கு பாத்தீகளா?"

"பாத்தேன் தம்பி. அவுக எட்டாப்பு பெயிலு. மவுத்தாகிப் பன்னெண்டு வருசம் கழிச்சு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டாக."

மலரை மூடி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தார். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.