சூசைமேரி சுற்றிய காயில்

விடிந்தும் விடியாமலும் கணபதிப் பகுதியில் எங்கள் பட்டறை ஷட்டர் ஏறிவிடும். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற பெண்கள் நாங்கள். காப்பர் கம்பியை ரீலிலிருந்து இழுத்துச் சுற்றி, மோட்டாரின் இரும்புக் கூட்டிலுள்ள பள்ளங்களில் இறக்கி, குச்சியால் தட்டித் தட்டி உட்கார வைக்க வேண்டும். விரலில் கம்பி அறுத்த கோடு ஆறுவதற்குள் அடுத்த கோடு விழும். வார்னிஷ் நெடியில் டீகூட டீயாக இருக்காது.

முதலாளி திட்டினால் எனக்குப் பயமில்லை. “வாங்க அம்மணி” என்று குழைந்தால்தான் பயம். அன்று குழைந்தார். தாராபுரத்துத் தோட்டங்களுக்குப் போன மோட்டார்கள் கருகித் திரும்பியிருந்தன. எங்கள் பட்டறையில் அவரவர் காயிலை அவரவர் நிறத்து நூலால்தான் கட்டுவோம். கருகியதிலெல்லாம் பச்சை நூல், சூசைமேரியின் நூல்.

“சுத்தைக் கொறைச்சுப்போட்டு மிச்சக் கம்பிய ஊட்டுக்குக் கொண்டுபோயிருக்குதுங்க. நாளையிலிருந்து வரவேண்டாமுங்க” என்றார்.

திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினால் இந்த ஊரில் எந்தப் பட்டறை சூசைமேரியைச் சேர்க்கும்? மற்றவர்கள் அவளுடைய சாப்பாட்டுப் பையை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவர்களில் தெய்வாத்தாள் உற்றே பார்த்தாள். எனக்கோ முதலாளி மேல்தான் சந்தேகம். புதிதாக வந்த ரீல்களை முதலில் சூசைமேரிக்குத்தான் கொடுத்தார். அவை தூக்கினால் கனமே இல்லை.

டெஸ்டிங் மேஜை சஹீர் பாயின் பொறுப்பு. முதலாளியின் காரைக்கூட அவர்தான் துடைப்பார். இந்த ஆளை நம்புவதா என்று இருந்தது. வேறு வழியில்லாமல் சாப்பாட்டு நேரத்தில் போய் என் சந்தேகத்தைச் சொன்னேன். பழைய ரீலில் நான் சுற்றியது ஒன்று, புது ரீலில் சூசைமேரி சுற்றியது ஒன்று. ஒரே அளவுக் காயில்கள் இரண்டையும் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

இரண்டிலும் ஐந்து ஆம்பியர் நேர்மின்சாரம் ஓடும்படி குமிழைத் திருகினார். என் காயிலுக்குப் பத்து வோல்ட் போதுமாயிருந்தது. அவளுடையது பதினைந்து கேட்டது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை: எனக்கு இரண்டு ஓம், அவளுக்கு மூன்று. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் சூடாக மாறுகிற மின்சக்தி: என்னுடையது ஐம்பது வாட், அவளுடையது எழுபத்தைந்து. மோட்டார் கருகாமல் என்ன செய்யும்?

“கம்பிய உருவியிருந்தா நீளம் கொறைஞ்சு, ஓம் எறங்கியிருக்கோணுமுங்க. இது ஏறியிருக்குது” என்றார் சஹீர் பாய். கம்பியைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். அடப்பாவி!

முதலாளி எப்போது வந்தாரோ, பின்னால் நின்றார். மீட்டர் பழசு என்றார். பிறகு, அதே குழைவில், “சஹீரு, வயரைக் கழட்டிப்போடு கண்ணு” என்றார்.

சஹீர் பாயின் கை வயரிடம் போனது. போச்சு என்று நினைத்தேன். அவர் அந்தக் காயிலைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“அடுத்த புது ரீலைக் கொண்டாங்க அம்மணி. அதையும் பாத்துப்போடலாமுங்க” என்றார் என்னிடம்.

முதலில் எழுந்தவள் தெய்வாத்தாள். அவள் பின்னால் எல்லோரும் மிச்சமிருந்த புது ரீல்களோடு வந்தோம். முதலாளி ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போலீசைக் கூப்பிட்டாரோ, புது ஆட்களைக் கூப்பிட்டாரோ.

சூசைமேரி அப்போதுதான் பேசினாள். தனக்காக எல்லோரும் வேலையை இழப்பதா என்று கேட்டாள்.

“உனக்காவ மட்டும் இல்ல கண்ணு. உன்னைய அனுப்பிப்போட்டா, நாளைக்கு அந்த ரீலை எங்கிட்டத்தான் குடுப்பாரு” என்றாள் தெய்வாத்தாள். சொல்லிவிட்டு அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம்.

முதலாளி திரும்பி வந்து வேலைக்குப் போகச் சொல்லி மெஷின் பக்கம் கை காட்டினார். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.