மறையாத மேடு

குளிர்கலன் வேண்டிய அளவு சில்லிட்டதும் அவள் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். திரையில் கோடு வளர்ந்தது. நடுவில் அதே மேடு.

இந்தத் துண்டில் மேடு வரவே கூடாது. அவள் கணவன் வளர்த்த படிகம் ஒரு விசித்திரக் காந்தம். ஒரு குண்டூசியைக்கூட இழுக்கத் துப்பில்லாத நோஞ்சான்; உள்ளே எலக்ட்ரான்கள் மட்டும் திசைக்கொரு கட்சி கட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் மிக மெல்லிய தடுப்பு, அதற்கும் மேல், குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் மீகடத்தி. எலக்ட்ரான் தடுப்பை ஏறிக் குதிப்பதில்லை, சத்தமில்லாமல் ஊடுருவிப் போய்விடும். படிகத்தை ஒரு திசையில் வெட்டினால் வரைபடத்தில் மேடு தெரியும், வேறு திசையில் வெட்டினால் மறையும். அவர்கள் கட்டுரையின் உயிரே அதுதான். முதல் துண்டில் மேடு தெரிந்தது. வேறு திசையில் வெட்டிய இரண்டாவது துண்டை அவன் தனியாக அளந்து, மேடு மறைந்ததைக் காட்டியபோது இருவரும் கைகோத்துக் குதித்தார்கள்.

ஆய்விதழ்க்காரர்கள் அதே இரண்டாவது திசையில் இன்னொரு துண்டையும் வெட்டி அளந்து காட்டச் சொன்னார்கள். அவன் சாக்குப்போக்கு சொல்லி இழுத்தடித்தான். கடைசியில் அவளே வெட்டி, அவளே அளந்தாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

வந்தவன் திரையைப் பார்த்தான். "தடுப்புல எங்கயாவது ஓட்டை இருக்கும். தூக்கிப் போடு."

"அப்போ முதல் துண்டுல மேடு வந்ததும் ஓட்டையாலதானோ என்னவோ. நீங்க அளந்ததுல மட்டும் எப்படி மறைஞ்சுது?"

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து உருட்டினான். "அது நம்ம படிகமே இல்ல. சாதாரண உலோகத்துல செஞ்சது."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று கைகோத்துக் குதித்தது நினைவுக்கு வந்தபோது அழுகையும் வந்தது. தெரிந்துகொண்டேதானே அவனும் கூடக் குதித்தான்!

"இதை அளக்கலேன்னே வெச்சுக்கோயேன். எல்லாம் உனக்காகத்தான். பேரு கூட முதல்ல உன்னுதைத்தானே போட்டிருக்கேன்?"

"அப்போ பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்."

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான பேராசிரியரின் எண்ணைக் கைபேசியில் அழுத்தினாள். அவன் தடுக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்திருந்தார்கள். வாசலில் அது கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா," என்றார் பேராசிரியர்.

நாற்காலியில் அவளுடைய ஹெல்மெட் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தபடியே அவள் சொல்லத் தொடங்கினாள்.