கோட்டுக்கு முன்னால் எட்டு மூட்டை

"பிரேக்க மிதிக்காதண்ணா! வுட்டுடு, அப்டியே வுட்டுடு!"

இளவரசி கத்தியது அண்ணன் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது. பின்னால் டிரெய்லர் மூன்றாவது தடவை வாலை ஆட்டியபோது அவ்வளவு பெரிய ஜெர்மன் வண்டியே பொம்மை மாதிரி இழுபட்டது. மூட்டைகளை மூடியிருந்த நீலத் தார்ப்பாய் ஒரு நொடி இடது கண்ணாடியில் தெரிந்தது, அடுத்த நொடி வலது கண்ணாடியில். எதிரே ஒரு ஸ்கூட்டி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவள் பின்னால் யூனிபார்ம் போட்ட ஒரு பிள்ளை. கலைவேந்தன் பிரேக்கை மிதித்துவிட்டான்.

ஸ்கூட்டி தப்பியது. வண்டி தப்பவில்லை.

ரோட்டோர வாய்க்காலைத் தாண்டிக் கரும்புக்குள் பாதி நுழைந்து, வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த இளவரசிக்கு வைப்பர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மழையே இல்லை, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா. டேய் அண்ணா."

"கால் மாட்டிக்கிச்சி பாப்பா" என்றான் கலைவேந்தன். குரல் தூங்கி எழுந்தவன் குரல் மாதிரி இருந்தது. "எனக்கு இன்னா ஆச்சின்னு பாரு. நான் பாக்க மாட்டேன்."

அவள் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை.

ஆட்கள் ஓடி வந்தார்கள். களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பால்காரர் ஒருவர். யாரோ கடப்பாரை கேட்டார்கள், யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். உடைந்த கண்ணாடி வழியாக இளவரசியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் கலைவேந்தனிடம் போய்விட்டார்கள். நெற்றியில் சின்னக் கீறல், அவ்வளவுதான். அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டிரெய்லர் தனியாகப் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் கிடந்தது. மூட்டை கிழிந்து நெல் வாய்க்கால் தண்ணீரில் மிதந்தது. வண்டியையும் டிரெய்லரையும் இணைத்த இரும்புக் கொக்கி வேரோடு பிய்ந்து, வெல்டிங் வைத்த இடத்தில் பல்லிளித்துக்கொண்டு நின்றது.

"பாருயா, வெல்டிங் வுட்டுக்கிச்சி" என்றார் பால்காரர். "எவன் வச்சானோ."

இல்லை, என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆடியது முதலில், கவிழ்ந்தது அப்புறம், கொக்கி பிய்ந்தது கடைசியில். உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா? ஆனால் அதற்குள் டிரெய்லரின் பலகை கண்ணில் பட்டுவிட்டது. சக்கரத்துக்கு நேரே குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு மேலே சாக்பீஸில், கோணல் எழுத்தில்: "இதுக்கு முன்னால 8 மூட்டை. பின்னால 6. மாத்தாதீங்க."

தூரத்தில் அப்பாவின் பைக் வருவது தெரிந்தது. கரிக்கலாம்பாக்கம் பக்கமிருந்து யாரோ போன் செய்திருப்பார்கள். பைக்கை எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவார். இப்போது ஹேண்டில்பார் மேல் படுத்துக்கொண்டு வந்தார்.

இளவரசி துப்பட்டாவை வாய்க்காலில் நனைத்தாள். பலகையைத் துடைத்தாள். கோட்டையும் துடைத்தாள், எழுத்தையும் துடைத்தாள். யாரும் பார்க்கவில்லை.

அந்த வண்டி அவர்கள் ஊரான உறுவையாற்றுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சென்னையில் ஒரு டாக்டர் ஒன்பது வருடம் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்டது. பாண்டிச்சேரி ஓட்டலில் ஊராருக்குக் கார் ஓட்டியே முதுகு போன கலைவேந்தன், தனக்கென்று ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினான். டெண்ட் வைத்த டிரெய்லரை அதன் பின்னால் மாட்டி, பெங்களூர்க்காரர்களை ஆற்று மணலுக்கும் கடலோரத் தோப்புக்கும், சாதாரணக் கார் போகாத இடமாகப் பார்த்து அழைத்துப் போவதாகத் திட்டம்.

"கார வாங்குனியா, கப்பல வாங்குனியா?" என்று கேட்டார் அப்பா அரங்கநாதன். கேட்காத நாளில்லை.

அவர் கேட்டதிலும் தப்பில்லை. டாக்டர் வண்டிக்கு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை. அதில் ஒன்று ஒழுகும். ராத்திரி நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் பார்த்தால் சேற்றில் படுத்த எருமை மாதிரி தரையோடு கிடக்கும். வில்லியனூரில் ஷெட் வைத்திருக்கும் பாக்யராஜ்தான் அதையெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டான். வண்டியை நாலு விரற்கடை தூக்கினான். பாறையில் ஓடுகிற முரட்டு டயர் போட்டான். இஞ்சினுக்கு அடியில் தகடு அடித்தான். டிரெய்லர் கொக்கியைக் கனமான பட்டையில் வெட்டி, வண்டியின் சட்டத்தோடு போல்ட்டும் போட்டு வெல்டிங்கும் வைத்தான். பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கும் இளவரசி டிரெய்லர் லைட்டுக்கு ஒயர் இழுத்தாள்.

மூன்று மாதமும் வீட்டில் வேறு பேச்சில்லை. அப்பாவும் அண்ணனும் முகம் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். சாப்பிடும்போது குழம்பு வேண்டுமா என்பதைக்கூட இளவரசி மூலமாகக் கேட்டுக்கொண்டார்கள். அம்மா, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் செத்த படுக்குறேன்" என்று எட்டு மணிக்கே பாயைப் போட்டுவிடுவாள். எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

அதனால்தான் இன்று காலை நடந்தது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. டெண்ட் வருவதற்கு முன்னால் பாரம் வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பாக்யராஜ் சொல்லியிருந்தான். பாகூரில் இருக்கும் அம்மாவின் தம்பி அரிகரன் மாமாவுக்குப் பதினாலு மூட்டை நெல் போக வேண்டியிருந்தது. அதையே ஏற்றினார்கள். பாக்யராஜ் விடிந்ததும் வந்து நின்று ஏற்றிவிட்டு, கோடு போட்டு எழுதியும் வைத்துவிட்டு, இளவரசியிடம் தனியாகச் சொன்னான்.

"தோ பார் பாப்பா, எங்கப்பா நடேசன் ஒங்க வூட்டு மாட்டு வண்டிக்குப் பாரம் ஏத்துனவரு. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். மாட்டுக் கழுத்து நோவக் கூடாதுன்னு பின்னால தள்ளி வைப்பாங்க. இதுக்கு அது ஆவாது. கழுத்துல, அதான் கொக்கி மேல, கனம் இல்லன்னா வேகத்துல வால் ஆடும். ஆடுச்சின்னா பிரேக்க மிதிக்காம ஆக்ஸிலேட்டர மட்டும் வுடணும். வேந்தன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பின்பக்கம் குனிஞ்சி நிக்குதேண்ணா?"

"ஸ்பிரிங்கு கொஞ்சம் சாஃப்டு. அடுத்த வாரம் மாத்திடறேன். குனிஞ்சா குனியட்டும், வுடு."

அவன் போய்விட்டான். கலைவேந்தன் குளிக்கப் போனான். அப்போதுதான் அப்பா, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அந்த வண்டியின் அருகில் வந்தார். சுற்றி வந்தார். பம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, முன்னால இவ்ளோ பாரத்த வச்சிக்கீறான்? பாவம், குனிஞ்சி நிக்குது பாரு."

"அது அப்டித்தான் இருக்கணுமாம்ப்பா."

"யாரு, அவன் சொன்னானா? அவன் அப்பனுக்கே பாரம் ஏத்தச் சொல்லிக் குடுத்தவன் நானு. வா, ஒரு கை புடி."

மகன் வண்டிக்கு அப்பா ஒரு வேலை செய்கிறார். அதைத் தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இன்னொரு சண்டைக்கு உடம்பிலும் தெம்பில்லை. மூன்று மூட்டையை முன்னாலிருந்து பின்னால் நகர்த்தினார்கள். கடைசி மூட்டைக்கு அவளும் ஒரு முனையைப் பிடித்தாள். வண்டியின் பின்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. அப்பா, மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல அதன் மேல் இரண்டு தட்டு தட்டினார்.

"ம். இப்பதான் மூச்சு வுடுது."

தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும் அவரே. குளித்துவிட்டு வந்த கலைவேந்தன் முடிச்சைப் பார்த்தான். "யாரு கட்டுனது?" என்று கேட்டான்.

"அப்பா."

 வண்டியை எடுக்கும்போது அவன் முகம் தெளிந்திருந்தது. "கிழவன் இறங்கி வந்துட்டாரு பாரு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று அவள் மூட்டை நகர்ந்ததைச் சொல்லவில்லை. மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது, கரிக்கலாம்பாக்கத்தில் டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். டீக்கடை வருவதற்குள் ரோடு காலியாகிவிட்டது. முள் எழுபதைத் தொட்டது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லா பெஞ்சும் நிறைந்திருந்தது. அம்மா உள்ளே ஆபரேசன் தியேட்டர் வாசலில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலைப் பற்றிக் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார்.

அரிகரன் மாமா வராண்டாவில் உட்காரவே இல்லை. நடந்துகொண்டே இருந்தார். பிய்ந்த கொக்கியைக் கோணிப்பையில் சுற்றித் தன் காரில் எடுத்து வைத்திருந்தார்.

"வெல்டிங்க பாத்தியா மாமா? ஊதுனா வுட்டுக்கும் போல. அவங்கிட்டலாம் வண்டிய வுடாத, டவுன்ல குடுன்னு நான் அப்பவே வேந்தன்கிட்ட சொன்னேன். கேட்டானா? நாளிக்கி விடியட்டும், நாலு பசங்களக் கூட்டிக்கினு ஷெட்டுக்குப் போறேன். அப்புறம் போலீசு."

"அவன் ஷெட்ட ஒடச்சா எம்புள்ள கால் வந்துடுமா அரி?" என்றார் அப்பா.

"அதுக்காவ சும்மா வுடச் சொல்றியா?"

 அப்பாவின் வேட்டியெல்லாம் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. மாமா டீ வாங்கப் போனதும் அவர் இளவரசி பக்கம் திரும்பினார்.

"பாப்பா."

"இன்னாப்பா?"

"நான் நல்லாத்தான ஏத்துனேன்? முப்பது வருசம் ஏத்திக்கீறேன். ஒரு வண்டி கொட சாஞ்சதில்ல."

அவர் சும்மா கேட்டாரா, உள்ளே எங்கோ ஒரு மூலையில் சந்தேகம் வந்துதான் கேட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை.

"நல்லாத்தான்ப்பா ஏத்துன."

"மூனு மாசமா அவங்கூடப் பேசல பாரு. இன்னிக்கித்தான் கைய வச்சேன்." அப்பா முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "கண்ணு முழிச்சதும் மொத மொத எங்கிட்டதான் பேசணும்னு ஒங்கம்மாகிட்ட சொல்லி வச்சிக்கீறேன்."

கொஞ்ச நேரத்தில் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. பெரிய உடம்பு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வாயைத் திறந்துகொண்டு அப்படியே தூங்கிப்போனார். அந்தக் கனத்தில் தோள் மரத்தாலும் அவள் நகரவில்லை. மடியில் துப்பட்டாவைச் சுருட்டி வைத்திருந்தாள். ஈரம் காய்ந்து, ஒரு முனையில் மாவு மாதிரி சாக்பீஸ் ஒட்டியிருந்தது. தட்டினாலும் போகவில்லை.

போன் அதிர்ந்தது. பாக்யராஜ். மூன்று தடவை அழைத்து அவள் எடுக்காமல் விட்ட நம்பர். நான்காவது தடவை எடுத்துவிட்டாள்.

"பாப்பா, வேந்தன் எப்படி கீறான்?"

"ஆபரேசன் நடக்குதுண்ணா." அப்பா எழுந்துவிடாதபடி தணிந்த குரலில் சொன்னாள்.

"நான் கேட்டாண்டதான் நிக்கிறேன். உள்ள வரல. ஒங்க மாமா என்னப் பாத்தா ஆவாது." பின்னால் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. "ஊர்ல எல்லாரும் என் வெல்டிங்குன்னு சொல்றாங்க. எம்பொண்டாட்டியே கேட்டுட்டா. நான் நல்லாத்தான் வச்சேன் பாப்பா. ரெண்டு பக்கமும் வச்சேன், நீகொட டார்ச் அடிச்சியே."

"ஆமாண்ணா."

"அப்ப பாரத்துலதான் எதுனா ஆயிருக்கும்னு ரோட்டாண்ட போயி டிரெய்லரப் பாத்தேன். நெல்லெல்லாம் வாரிட்டாங்க. பலகை சுத்தமா கீது. கோடும் இல்ல, எழுத்தும் இல்ல." அவன் குரல் தேய்ந்தது. "காத்தால ரெண்டு மூனு வேல. அவசரத்துல மறந்துட்டனோ இன்னாவோ. வேற வண்டில எழுதிட்டு இதுல எழுதுனதா நெனச்சிக்கினனோ. எனக்கே இப்ப புரியல."

அப்பா தூக்கத்தில் ஏதோ முனகினார். அவர் மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது. வராண்டா முனையில் மாமா மூன்று டீயோடு வந்துகொண்டிருந்தார். இன்னும் இருபது தப்படி இருக்கும்.

"நீ கூடத்தான இருந்த?" என்றான் பாக்யராஜ். "நீ சொல்லு பாப்பா, நான் நம்புறேன். நான் கோடு போட்டனா, போடலையா?"