ஜப்பானிய எழுத்தில் அண்ணன் பெயர்

“அக்கா, பேரை ஒரே ஒரு தடவை வாயால சொல்லுங்க. அது போதும்” என்றார் மொழிபெயர்ப்பாளர். அவளுக்கு வாய் வரவில்லை.

மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அறை அவளுடையது. சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் தெரிந்த மனிதர் ஜப்பானிலேயே பல வருடமாகக் குடியிருக்கும் தமிழர். அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலைக்காரர்கள் சொல்வதைத் தமிழில் சொல்ல அவரைத்தான் பிடித்திருந்தார்கள்.

அண்ணன் போய் ஒரு மாதமாகிறது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் இடத்தில், தையல் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டார். தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்களாம். உடலை இங்கே கொண்டுவர வழியில்லை. அவள் போகலாம் என்றால் பாஸ்போர்ட் கிடையாது. எல்லாம் அங்கேயே முடிந்தது. சாம்பலை ஊருக்கு வெளியே ஒரு நீளச் சுவரில், தபால்பெட்டி அளவில் கட்டிய சின்ன அறைகளில் ஒன்றில் வைக்க ஏற்பாடாகியிருந்தது. அதன் மூடியில் பெயர் பொறிக்க வேண்டும்.

“வெளிநாட்டுப் பேரை இவங்க காதுல விழுற மாதிரி எழுதுவாங்கக்கா. அதுக்குன்னு தனி எழுத்து இருக்கு. கம்பெனிக்காரங்க பாஸ்போர்ட்ல இருந்த இங்கிலீஷைப் பாத்து எழுதி வச்சிருக்காங்க. ழகரம் வர்ற இடத்துல ஜகரம் போட்டிருக்காங்க. கேக்க வேற யார் பேரோ மாதிரி இருக்கு. அதான் நீங்க சொன்னா அவங்க கேட்டு எழுதிக்குவாங்க.”

“நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்றாள். “இப்ப ஆள் உள்ள வந்துட்டாங்க.” யாரும் வரவில்லை.

அவள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவர் அண்ணன்தான். அப்பா ஆசைப்பட்டுத் தேடி வைத்த பெயர், ஆனால் வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர் பெரியவன், தெருவில் நெட்டையன். பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பவர் மட்டும் அதைச் சொல்லியிருப்பார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு உலகத்தில் அவரை உரிமையோடு கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம். அவளும் அண்ணா என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிட்டாள். கல்யாணம் இருவருக்குமே தட்டிப்போனது. பேசி வைத்துக்கொண்டு செய்தது போல இரண்டு பேரும் தனி ஆளாகவே நின்றுவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு சமையல்கட்டில் நின்று சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்து வந்தது. அதற்கு மேல் ஏதோ மரியாதை கெட்ட காரியம் செய்வது போல நாக்கு மடங்கிக்கொண்டது. அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு ஆளுக்குச் சோறு வைப்பதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. குக்கர் சத்தம் போடுவதற்காகக் காத்திருந்தவளுக்கு, இந்த வீட்டில் அவள் பெயரையும் யாரும் சொல்லி வெகுகாலம் ஆகிறது என்று தோன்றியது. வாரத்துக்கு ஒரு தடவை அண்ணன்தான் ‘என்ன சின்னக்குட்டி, சாப்டியா’ என்று கேட்பார். நரைத்த தலையோடு சின்னக்குட்டி. அதுவும் ஒரு மாதமாக இல்லை.

மறுநாள் காலையில் ஒரு பெரியவர் வந்தார். டிவி சத்தம் தாங்க முடியவில்லை என்று மருமகள் அனுப்பிவைத்திருக்கிறாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே மைக் முன்னால் அவள் உட்கார்ந்தாள். அவள் ஒரு சொல் சொல்ல வேண்டும், காதில் விழுந்ததை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வாசல் என்றாள். வாசல் என்றார். பலகை என்றாள். பழகு என்றார். குருவி, மேசை, தண்ணீர். அடுத்ததாக என்ன சொல்ல இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் பெயர் வாயிலிருந்து வந்துவிட்டது.

பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். பெயரைத் திருப்பிச் சொன்னார். நடுவில் இருந்த ழகரத்தை ளகரமாக்கிவிட்டார். அவள் ஒலியை ஒரு படி கூட்டி மறுபடி சொன்னாள். இந்தத் தடவை சரியாகச் சொன்னார். யாரோ வாசலில் நின்று அண்ணனைத் தேடுவது போல இருந்தது. அவள் மைக்கை அணைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், “கடைசியா சொன்னது பேருதானம்மா?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா. எங்க அண்ணன் பேரு.”

“அவரும் காது பாக்க வருவாரா?”

“வரச்சொல்லி நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்” என்றாள்.

அதுவும் உண்மைதான். மிஷின் இரைச்சலில் அண்ணனுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. ஊரார் காதையெல்லாம் சோதிக்கிறவளுக்கு அவர் காதுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். இவள் இங்கிருந்து தொண்டை கிழியக் கத்துவாள்.

மதியம் அழைப்பு வந்தது. மொழிபெயர்ப்பாளரோடு ஒரு வயதான பெண்மணியும் திரையில் இருந்தார். தையல் பிரிவு மேற்பார்வையாளர். முன்னால் வெள்ளைத்தாளும் தடித்த பேனாவும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்கில் சொல்வது போலவே நிறுத்தித் தெளிவாகப் பெயரைச் சொன்னாள்.

பெண்மணி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தார். மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் ஏதோ சொன்னார். திரும்பவும் கேட்டார்.

“என்னவாம் தம்பி?”

“அது யாருன்னு கேக்கறாங்க.” அவர் தயங்கினார். “கம்பெனி அட்டைல இருக்கற பேரை இங்க யாரும் கூப்பிட மாட்டாங்களாம். அவர் பேரு அண்ணாதானேன்னு கேக்கறாங்க. நீங்க போன்ல அண்ணா, அண்ணா, கேக்குதான்னு கத்துவீங்களாம். கூடமே கேக்குமாம். அப்படியே எல்லாரும், இங்க மரியாதைக்குச் சேக்கற ‘சான்’ போட்டு, அண்ணா-சான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்களாம். அவரும் திருத்தவே இல்லையாம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அவளைக் கேட்காமலே ஒரு கூடம் நிறையப் பேர் அதை எடுத்துப் புழங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் பேசினாரே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷன். யாரும் இல்லாத ஊரில் இத்தனை பேருக்கு அண்ணனாக இருந்துவிட்டு, இவளிடம் குளிர் அதிகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

“அது பேரு இல்லன்னு சொல்லிடட்டுமா அக்கா? கூடப்பொறந்த மூத்தவரை அப்படித்தான் சொல்லுவோம்னு?”

“சொல்லுங்க” என்றாள்.

அவர் சொன்னார். பெண்மணி கேட்டார். முகம் மாறியது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று இவள் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பிறகு மெல்ல ஏதோ சொன்னார்.

“என்னை விட அவருக்கு வயசு குறைவு, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேன்னு சொல்றாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தச் சுவர் முன்னால் போய் நிற்கப்போவது யார் என்று யோசித்தாள். அவள் இல்லை. இந்த ஜென்மத்தில் அவள் அங்கே போவாள் என்று தோன்றவில்லை. மழை நாளில் குடையோடு இந்த அம்மாள்தான் போய் நிற்பார். அவரோ மற்றவர்களோ வரிசை வரிசையான மூடிகளில் அண்ணனைத் தேடும்போது, தெரியாத ஒரு பெயரைப் பார்த்துக் கடந்துபோய்விடக் கூடாது.

“ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கா?”

“ஆமாக்கா, சின்ன மூடி.”

“அவங்க கூப்பிட்ட மாதிரியே போடச் சொல்லுங்க.”

“அப்ப அப்பா வச்ச பேரு?”

“அது என்கிட்ட இருக்கட்டும்” என்றாள்.

பெண்மணி குனிந்து எழுதினார். மேலிருந்து கீழாக மூன்று எழுத்து. சில கோடுகள்தான், வளைவே இல்லை. தாளைத் தூக்கிக் காட்டினார். பின்னால் சீருடைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப்பார்த்தார்கள். பெண்மணி எழுத்தின் மேல் விரலை வைத்து, இவளுக்குச் சொல்லிக்காட்ட வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இணைப்பு சிக்கிக்கொண்டது.

திரை அப்படியே உறைந்து நின்றது. தாளில் ஈரம் காயாத மை, முதல் கோட்டின் மேல் ஒரு விரல், பாதி திறந்த வாய். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அவள் அழைப்பைத் துண்டிக்காமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.